கடைசித் தூணில் எத்தனை வோல்ற்? வன்னியில் ஐந்து நாள்

2023 ஒக்டோபர் 16, திங்கள் – ஆனையிறவு, முறிகண்டி, நெடுங்கேணிப் பக்கம்

ஆனையிறவில் ஆனை இல்லை, உப்பும் காற்றும்தான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்தப் பரவைக் கடலில் இறக்கி நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோன நாளில் விழுந்த பெயர். வன்னிமைகள் (வன்னிச் சிற்றரசுகள்) போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் யானையைத்தான் திறையாகக் கட்டினார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் ஆனைவிழுந்தான் என்று ஓர் ஊர்கூட இருக்கிறது. பெயரைக் கேட்டாலே பழைய பிடிகுழி கண்ணில் வரும்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். யானை மறிக்கும் மின்வேலிகளை அளந்து திருத்தவும் ஊர்க்கூட்டங்களில் பேசவும் போய்க்கொண்டிருந்த எங்கள் வானும் நின்றது. கச்சான் சுருள் 100 ரூபா, வறுத்த சூடு கையில் தெரிந்தது. வானுக்குள் கிடந்த கம்பியையும் குழாய்களையும் எட்டிப் பார்த்த கச்சான்கார அம்மா என்ன அலுவல் என்று கேட்டார். யானை வேலி என்றதும், "அப்ப பிள்ளையாரிட்ட ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அவற்றை ஆக்களெல்லே" என்றார். பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

வானில் இருந்தவை: மின்வேலி அளக்கும் மீற்றர் ஒன்று, ஆறடி நீளமான கல்வனைஸ் குழாய் மூன்று, 2.5 மில்லிமீற்றர் கம்பி ஒரு சுருள், மின் கசியாமல் கம்பியைத் தூணில் தாங்கும் இன்சுலேற்றர் அறுபது, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, கொஞ்சம் அட்டை. கூடவே யாரோ அன்பாக ஏற்றிவிட்ட இரண்டு பெட்டிச் சுவரொட்டி. யானைக்குட்டி ஒன்று கண்ணடிக்க, கீழே "யானை எங்கள் நண்பன்" என்று எழுதியிருக்கிறது. போன மாசியில் மூன்று ஏக்கர் கதிரை ஒரே இரவில் இழந்த மனிதனிடம் அதை நீட்டத் துணிவு வேண்டும். பெட்டிகள் ஐந்து நாளும் கட்டியபடியே கிடந்தன.

புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. அங்கிருந்து உள்ளே போனால் கிரவல் பாதை. கூட்டம் பின்னேரம் நான்கு மணிக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. நவராத்திரி தொடங்கியிருந்ததால் கோயில் பூசை முடிந்து ஆட்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வர ஆறேகால் ஆயிற்று. இருபத்து மூன்று பேர். பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். ஒருவர் ரொர்ச்சை மடியில் வைத்து, கூட்டம் முடியும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முதல் கேள்வியே சரியான கேள்வி. "அழியிற இனம் எண்டு சொல்லுறியள். எங்கட ஊரில அது கூடிக்கொண்டெல்லோ வருது?"

இதைச் சுற்றிவளைக்கக் கூடாது. இலங்கை யானை இந்தத் தீவுக்கே உரிய துணையினம். ஆசிய யானைகளில் உருவத்தால் பெரியது, நிறத்தால் கரியது. ஆண்களில் நூற்றுக்கு ஏழளவில்தான் தந்தமுள்ள கொம்பன், மற்றவை தந்தமில்லாத அலியன். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 என்று வந்தது. சினை 22 மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடம். கூடவேண்டும் என்று நினைத்தாலும் வேகமாகக் கூட முடியாத பிராணி. ஊருக்குள் கூடக் கண்ணில் படுவதற்குக் காரணம் வேறு. நாட்டின் யானைகளில் பத்துக்கு ஏழு சரணாலயங்களுக்கு வெளியேதான் வாழ்கின்றன, அதாவது எங்களோடு. வன்னியில் இன்னொன்றும் நடந்தது. யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக வயலும் குளமும் ஆளில்லாமல் கிடந்தன. பற்றை மூடியது, யானை வந்தது. 2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது, அந்த இடைவெளியில் பிறந்த குட்டிகளுக்கு அதுதான் சொந்த ஊர். யானை அறுபது வருடம் வாழும். பிறந்து வளர்ந்த இடத்தை லேசில் விடாது.

ரொர்ச் வைத்திருந்தவர் மெல்லச் சொன்னார்: "அப்ப ரெண்டு பகுதியும் மீள்குடியேற்றம்."

"பிடிச்சு ஏத்திக்கொண்டு போய் எங்கையாவது காட்டில விடுங்கோ" என்பது அடுத்தது. எல்லா ஊரிலும் வரும். கழுத்தில் ஜீ.பி.எஸ். பட்டி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். விட்ட யானைகளில் சில நேரே ஊர் திரும்பின, சில அலைந்து திரிந்தன, சில புது இடத்தில் தங்கி அங்குள்ள வயலில் இறங்கின. விட்ட காட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தவை அரிது. ஊரே சேர்ந்து வெடி கொளுத்திக் கூட்டமாக விரட்டுவதும் இப்படித்தான். தாயும் குட்டியும் விரட்டுக்குப் போகும்; வயலில் இறங்கிப் பழகிய தனியன் பற்றைக்குள் நின்று பார்த்துவிட்டு அடுத்த இரவு, முன்னிலும் மூர்க்கமாக, வரும்.

இரவுச் சாப்பாடு ஒரு வீட்டில்: இடியப்பம், சொதி, பூசணிக்காய்க் கறி. காசு என்று வாயெடுத்தபோதே வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறியது. ஒன்பது மணிக்கு மழை.

ஒக்டோபர் 17, செவ்வாய் – பள்ளிக்கூடம்

காலை பிளேன்ரீ 40 ரூபா. பனங்கட்டித் துண்டு கேட்காமலே தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் 8, 9, 10ஆம் வகுப்புகள் சேர்ந்து நாற்பத்தொரு பிள்ளைகள். அதிபர் மண்டபத்தில் கதிரை அடுக்கி ஒலிபெருக்கியும் கட்டி வைத்திருந்தார். பாடம் வெளியில் என்றதும் கொஞ்சம் மனம் கோணினார். பிறகு தொப்பி போட்டுக்கொண்டு தானும் வந்தார்.

இரவு மழையில் குளக்கட்டுக்குக் கீழே சேறு நன்றாகப் பதம்பட்டிருந்தது. அதில் யானைத்தடம். முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம். நடக்கும்போது பின்கால் பெரும்பாலும் முன்கால் தடத்தின் மேலேயே விழுவதால் குழம்பாத வட்டத் தடம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். முடிச்சுக் கயிற்றை விளிம்போடு சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம். பிள்ளைகள் அளந்தது 132 சென்ரிமீற்றர். இரண்டால் பெருக்க 264. பக்கத்து மருதமரத்தில் அந்த உயரத்துக்குச் சோக்கால் கோடு கீறியபோதுதான் சத்தம் அடங்கியது. அதிபர் கோட்டின் கீழே போய் நின்று பார்த்தார்.

கயிறு சுற்றும்போது வழமையாக விடும் பிழை: சேறு பிதுங்கி நிற்கும் வெளி வரம்பைச் சுற்றுவது. அதில் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கூடிவிடும், யானை முக்கால் அடி வளர்ந்துவிடும். பாதம் பதிந்த உள்விளிம்பையே சுற்ற வேண்டும். காய்ந்து வெடித்த தடமும் உதவாது.

அடுத்து இலத்தி. தின்பதில் பாதிகூடச் செரிக்காத வயிறு யானைக்கு. அதனால் இலத்தியைக் குச்சியால் கிளறினால் நேற்றையச் சாப்பாடு அப்படியே வரும். புல், மரப்பட்டை நார், விளாம்பழ விதை நிறைய. "யானையுண்ட விளாங்கனி" என்று படித்திருக்கிறோமே, பழம் முழுசாக வரும், உள்ளே ஒன்றும் இருக்காது என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். முழு ஓடு ஒன்றும் இல்லை. உடைந்த ஓட்டுத் துண்டும் விதையும்தான். 'வேழம் உண்ட விளாங்கனி' என்பதில் வரும் 'வேழம்' யானை அல்ல, விளாவுக்கு வரும் ஒரு நோயின் பெயர் என்று உரை சொல்வார் உண்டு என்று தமிழ் ரீச்சர் எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் இலக்கியம். நட்டமில்லை, அந்த விதைகளைப் பைக்குள் மண் போட்டு ஊன்ற வைத்தாயிற்று. முளைக்கிறதா என்று மார்கழியில் எண்ண வேண்டியது ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு.

மிச்ச நேரம் முழுக்க ஒரு விடயத்துக்கு: சைக்கிளில் வரும் பாதை. இந்தப் பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் காட்டோர வழியால் ஆறேகாலுக்கு வெளிக்கிடுகிறவர்கள்.

திருப்பத்துக்கு முன் இறங்கி நின்று கேட்க வேண்டும். கொப்பு முறியும் சத்தம் முதலில் வரும். பளபளப்போடு ஈரமான இலத்தியை வழியில் கண்டால், அது சூடாக இருந்தால், திரும்ப வேண்டும். யானை கண்ணால் அல்ல, மூக்கால் காணும் பிராணி. காற்று உங்களிடமிருந்து அதனிடம் போகிறதா என்று கொஞ்சம் புழுதி தூவிப் பாருங்கள். காதை விசிறி, வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் அது தன்பாட்டில் நிற்கிறது. காதை அகல விரித்து அசையாமல் வைத்து, தலையைத் தூக்கினால் உங்களைப் பார்த்துவிட்டது. துதிக்கையை உள்ளே சுருட்டினால் நேரமில்லை. பையை எறிந்துவிட்டு வந்த வழியே போக வேண்டும்; பையை மணந்து பார்க்க அது நிற்கும் சில விநாடி உங்களுக்கு. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நுழையக் கூடாது.

"நாங்கள் மணி அடிச்சுக்கொண்டு வருவம் சேர்" என்றான் ஒரு பெடியன். தூரத்தில் நல்லது, கிட்டத்தில் கண்ட பிறகு கூடாது. "நாய் வாறது எங்களோட" என்றான் இன்னொருவன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். நாய் ஓடிப்போய்க் குரைக்கும். யானை திரும்பினால் நாய் ஓடி ஒளிவது உங்கள் காலுக்குப் பின்னால்தான்.

வாணி பூசைப் பிரசாதம்: அவல், கடலை, வாழைப்பழம். மத்தியானம் நெடுங்கேணிக் கடையில் மரக்கறிச் சோறு 350 ரூபா. கத்தரிக்காய்ப் பால்கறியும் வல்லாரைச் சம்பலும் நன்றாக இருந்தன. நவராத்திரியில் மீன் கேட்டவருக்குக் கடைக்காரர் பதிலே சொல்லவில்லை, பருப்பை இன்னொரு கரண்டி விட்டார். இரண்டரைக்கு இடியோடு மழை. ஒட்டுசுட்டான் வரும்வரை விடவில்லை.

ஒக்டோபர் 18, புதன் – ஒலுமடுவுக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், ஒரு வயல்வெளி

மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே. 110 ஏக்கர், வாய்க்காலோடு நீண்டு வளைந்த வெளி, சுற்றளவு 4,400 மீற்றர். புழுதி விதைப்பு முடிந்து, நேற்று முன்தினத்து மழைக்குப் பச்சை கிளம்பியிருந்தது. வேலி ஏற்கனவே இருக்கிறது. இருந்தும் போன காலபோகத்தில் (மாரிப் பயிர்க்காலம்) ஒன்பது முறை யானை உள்ளே. "வேலி சரியில்லை, வேற வேலி தாங்கோ" என்பது கமக்காரர் அமைப்பின் வேண்டுகோள். வேறு வேலி தர யாரும் வரவில்லை. இருப்பதை அளக்கத்தான் வந்தது.

காலை ஏழரை. புட்டும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு பதினாறு பேர் வந்தார்கள். வேலிக்கு மின் கொடுக்கும் மெசினடியில் மீற்றர் 7,200 வோல்ற் காட்டியது. நல்ல எண். நடுவில் 4,100. கடைசித் தூணில் 1,900. அங்கேதான் யானை நுழைகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, தூண் சாய்ந்தே கிடந்தது. 5,000க்கு மேல் நின்றால் யானை மதிக்கும். 3,000க்குக் கீழே போனால் அது தெரிந்துகொள்ளும், தெரிந்ததை மறக்காது.

மின்னழுத்தம் எங்கே ஒழுகுகிறது என்று 4,400 மீற்றரும் நடந்து தேடத் தேவையில்லை. வேலியை நடுவில் கழற்றுங்கள். மெசின் பக்கத்துப் பாதியில் வோல்ற் ஏறினால் ஒழுக்கு மற்றப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகக் கழற்றுங்கள். ஐந்து முறை பாதியாக்கினால் நூற்றைம்பது மீற்றருக்குள் வந்துவிடும். பதினாறு பேரில் இந்தக் கணக்கை முதலில் பிடித்தவர் டிரக்டர் ஓட்டும் ஒரு இளைஞர். மற்றவர்களுக்கு அவரே விளங்கப்படுத்தினார், எங்களைவிட நன்றாக.

கிடைத்தவை: வெடித்த இன்சுலேற்றர் இரண்டு. கம்பி அறுந்த இடத்தில் துருப்பிடித்த முட்கம்பித் துண்டை வைத்துப் போட்ட முடிச்சு. துரு மின்னை விடாது. மிச்சம் முழுக்கப் பச்சை. கிளிசரியாக் கதியாலில் (நட்டால் துளிர்க்கும் வேலித்தடி) இன்சுலேற்றர் அடித்திருந்தார்கள், மழைக்குக் கதியால் துளிர்த்துக் கம்பியை அணைத்துக்கொண்டிருந்தது. உயிர்க்கதியால் மலிவுதான். முதிரை, பாலை வெட்டினால் வழக்கு. ஆனால் கதியாலில் கம்பி கட்டினால் மாதம் ஒருமுறை கத்தி எடுக்க வேண்டும். வேலியடியில் இரண்டு பக்கமும் ஒன்றரை மீற்றர் புல் செருக்க வேண்டும். இதில் உள்ள கொடுமை, பயிர் முளைக்கும் மழைக்கே புல்லும் முளைப்பதுதான். எல்லாரும் களை எடுக்க, பசளை போட ஓடும் அதே கிழமைகளில் வேலி செத்துக்கொண்டிருக்கும்.

பிறகு ஏர்த். இதுதான் ஒருவரும் பார்க்காத இடம். யானையின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கும் மின், மண் வழியாக மெசினுக்குத் திரும்பினால்தான் அடி விழும். சோதிப்பது இப்படி: மெசினிலிருந்து நூறு மீற்றருக்கு அப்பால் இரும்புக் கம்பிகளைச் சாய்த்து வேலியை நிலத்தோடு தொடுத்து, வோல்ற்றை 2,000க்குக் கீழே இறக்க வேண்டும். பிறகு ஏர்த் குழாயில் மீற்றரை வைத்து, மீற்றரின் மற்ற முனையை ஒரு மீற்றர் தள்ளி மண்ணில் குத்த வேண்டும். 300க்கு மேல் காட்டினால் ஏர்த் போதாது. இங்கே 900. தோண்டிப் பார்த்தால் இரண்டடிக் குழாய் ஒன்று, அதுவும் கிரவல் மேட்டில். மழைக்காலத்தில் ஒருமாதிரி ஓடும். மாசி பங்குனியில் நிலம் காயும்போது, கதிர் முற்றும் அதே நேரத்தில், வேலி வெறும் கொடிக்கயிறு.

கொண்டுபோன ஆறடிக் குழாய் மூன்றையும் வாய்க்கால் ஓரத்து ஈரத்தில், பத்தடிக்கு ஒன்றாக இறக்கி, ஒரே கம்பியால் தொடுத்தோம். இரண்டாவது குழாய் நாலடியில் பாறையில் முட்டியது. பிடுங்கி வேறிடத்தில் அடிக்க முக்கால் மணி. மறு சோதனையில் 250.

"அது தூணை உதைச்சு விழுத்துது. கம்பியில முட்டாது. படிச்ச சாமான்" என்றார் ஓர் ஐயா. உண்மை. உள்ளங்கால் தடித்த தோல், கொம்பில் மின் ஏறாது, சில மரக்கொப்பைத் தூக்கிப் போடும். அதற்கு வைத்தியம், தூண் வயல் பக்கம், கம்பி காட்டுப் பக்கம். கூடவே தூணின் காட்டு முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு துண்டு மின்கம்பி. கட்டிக் காட்டியது பத்துத் தூணுக்கு. மிச்சம் அவர்கள் கையில்.

எல்லாவற்றுக்கும் முடிவில் பங்கீடு. 4,400 மீற்றரை 110 ஏக்கரால் பிரித்தால் ஏக்கருக்கு 40 மீற்றர், நாலு தூண். மூன்று ஏக்கர்காரருக்கு 120 மீற்றர், பன்னிரண்டு தூண். இதில் ஒரு மணி நேரச் சண்டை. காட்டோரத்தில் வயல் உள்ளவர், தான் மட்டும் ஏன் யானையோடு மாரடிக்க வேண்டும் என்றார். வீதியோரத்துக்காரர், தன் வயலுக்கு யானை வந்ததே இல்லை என்றார். காட்டோரம் போனால் அடுத்தது வீதியோரம்தான் என்று டிரக்டர்காரர் சொன்ன பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுதான் தீர்மானித்தது. தூணுக்குத் தூண் பெயின்ரால் எண்.

இன்னொன்றையும் பேச வேண்டியிருந்தது. அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டிவிட வேண்டும். அறுத்த வயலில் நிற்கும் அரிதாளைத் தின்ன யானை வரட்டும். கோடைக்கு அதுதான் அதற்குச் சாப்பாடு. அதையும் அடைத்தால் பசியோடு வீட்டு வளவுக்கு வரும். மாட்டுப்பட்டிக்காரர் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பினார். அரிதாள் அவருடைய மாட்டுக்கும் வேண்டும். அதற்கு எங்களிடம் விடை இல்லை. பகலில் மாடு, இரவில் யானை என்று அவர்களாகவே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக் கறன்ற்றை நேரே கம்பியில் கொழுவுகிறவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். மெசின் கொடுப்பது விநாடிக்கு ஒரு தட்டு, கண்ணிமைப்பிலும் குறைந்த நேரம். தொட்டவர் கையை எடுக்க முடியும். 230 வோல்ற் வீட்டு மின் விடாமல் ஓடும், தசையை இறுக்கிப் பிடித்துவிடும். யானையும் சாகும், விடியப் புல் வெட்டப் போகிறவரும் சாவார். இதைச் சொன்னபோது இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். பெயர் கேட்கவில்லை.

ஒக்டோபர் 19, வியாழன் – மாதர் சங்கம், பரண்

இரவு வான் வாய்க்கால் மதகில் புதைந்தது. லாண்ட்மாஸ்ரர் உழவுமெசின் கொண்டுவந்து இழுத்துவிட்டவர் டீசலுக்குக்கூட வாங்கவில்லை. "வேலி நிண்டாச் சரி" என்றார்.

காலையில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் கூட்டம். பத்தொன்பது பேர், கைக்குழந்தை நாலு. ஆண்கள் கூட்டத்தில் வயல் பேசப்படும், பெண்கள் கூட்டத்தில் வீடு. வீட்டு வளவிலும் ஆட்கள் சாவதால் இதுவும் முக்கியமான கூட்டம்.

யானை சுவரை இடிப்பது கோபத்தில் அல்ல, நெல் மணத்துக்கு. மூடையை அறைக்குள் அடுக்கி, பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழக்கம். உப்பு, பழுத்த வாழைக்குலை, பலாப்பழம், கசிப்புச் சாராயம் எல்லாம் அதே கணக்கு. ஆகவே நெல்லைப் படுக்கும் அறையிலிருந்து எடுங்கள் என்பது பாடம். ஒரு அக்கா பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மாசியில விலை விழுந்து கிடக்கும். வைகாசி வரைக்கும் வைச்சிருந்தாத்தான் ரெண்டு காசு. வெளியில வைச்சா ஆர் காவல்? அதுதான் தலைமாட்டில வைச்சிருக்கிறம்."

இதைப் பயம் காட்டி மாற்ற முடியாது, ஏனென்றால் அவர் சொல்வது சரி. ஊர் நடுவில் பாவிக்காத பழைய கூட்டுறவுக் களஞ்சியம் ஒன்று, கூரை பாதி போய்க் கிடக்கிறது. அதைத் திருத்தினால் நாற்பது குடும்பத்து நெல்லும் அடங்கும் என்று கணக்குப் போட்டவர்களும் அவர்களே. கிராம அலுவலருக்குக் கடிதம் அங்கேயே எழுதப்பட்டது, கையெழுத்து பத்தொன்பது. இரவில் வெளியே கழிப்பறைக்குப் போவது அடுத்த பேச்சு: கதவைத் திறக்குமுன் ரொர்ச்சை யன்னலால் சுற்றி அடித்துப் பார்ப்பது, இரண்டு பேராகப் போவது, வீட்டிலிருந்து கழிப்பறை வரை பற்றையை வெட்டி வெளிப்பாக வைப்பது.

பன்றிக்கென்று வைக்கும் வாய்வெடி பற்றியும் பெண்களிடம்தான் பேச முடிந்தது. பூசணிக்காயில் வைத்ததைக் கடிப்பது பன்றி மட்டுமல்ல. யானைக் குட்டி கடித்தால் தாடை சிதறும். உடனே சாகாது, தின்னவும் குடிக்கவும் முடியாமல் கிழமைக்கணக்கில் குளத்தடியில் நிற்கும். நின்ற ஒன்றைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே மூன்று பேர். அவர்கள் பேசிய பிறகு நாங்கள் பேசத் தேவையிருக்கவில்லை. ஊருக்குள் இனி வைப்பவரை யார் கண்டிப்பது என்று பெயர் சொல்லித் தீர்மானித்தார்கள். தீர்மானிக்கப்பட்டவர் ஒருவரின் மாமியார்.

எருமைத் தயிர் சிறு முட்டி 450 ரூபா, சர்க்கரை போட்டுச் சாப்பிட்டதும் தூக்கம் வந்தது.

இரவு பரணில் இரண்டு மணி நேரம், நான்கு காவல்காரரோடு. யானை வெடி பாடம். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் வெடி எண்ணிக்கையில் குறைவு, அதை மழையில் நனைய விட்டால் இன்னும் குறைவு. திரி ஈரமானால் தாமதமாக எரியும். வெடிக்கவில்லை என்று திரும்பப் போய் எடுப்பவரின் கைதான் போகிறது. பொலித்தீனில் சுற்றி, பேணிக்குள் அரிசி கொஞ்சம் போட்டு மூடி வைக்கலாம். யானை திரும்பிப் போகும் வழியில் ஒருபோதும் எறியக் கூடாது. வழி அடைத்தால் அது உங்கள் பக்கம் வரும். சும்மா சத்தத்துக்கு அடிக்கடி கொளுத்தினால் ஒரு போகத்திலேயே பழகிவிடும். அன்றிரவு யானை வரவில்லை. நுளம்பு வந்தது. திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992 என்பதைப் பரண் காலில் கரியால் எழுதிவிட்டு இறங்கினோம். அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் வருவது பரணின் கிழக்கு மூலையில் மட்டும் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள்.

ஒக்டோபர் 20, வெள்ளி – மடுப் பக்கம்

துணுக்காய் வழியாக மேற்கே. மடு வீதிக் காடு 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வேலியைக் காட்டினார்கள். நேர்த்தியான வேலை, கொங்கிறீற் தூண், ஐந்து கம்பி, மின்னும் இருக்கிறது. ஆனால் ஒரு இலாகாவின் காட்டுக்கும் இன்னொரு இலாகாவின் காட்டுக்கும் நடுவே போகிறது. யானை இரண்டு பக்கமும் நிற்கிறது. வரைபடத்தில் கோடு இருக்கும் இடத்தில் வேலி போட்டால் இப்படித்தான். புல் வெட்டவும் ஆளில்லை, ஏனென்றால் அருகில் ஊரே இல்லை. வேலி அடைக்க வேண்டியது ஊரையும் வயலையும். யானை–மனித மோதலைக் குறைக்க 2020இல் எழுதப்பட்ட தேசிய செயற்திட்டமும் அதையே சொல்கிறது.

பனை நட்டால் வேலியாகுமா என்று கேட்டார் ஒரு முதியவர். வன்னியில் எவரும் கேட்காமல் விடாத கேள்வி. வடலியை யானையே தின்னும். தப்பிய பனை நெருங்கி நின்று மறிக்கப் பதினைந்து இருபது வருடம். நடுங்கள், பேரப்பிள்ளைக்கு நொங்காவது மிஞ்சும். காட்டோரத்துத் துண்டில் எள்ளும் மிளகாயும் போடுவது இந்த வருடமே பலன் தரும். இரண்டையும் யானை விரும்பாது. மிதிக்கும், ஆனால் தேடி வராது.

இங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள், நவராத்திரி விரதமில்லை. விரால் குழம்பும் சிவப்பரிசிச் சோறும், 400 ரூபா. ஐந்து நாளில் முதல் மீன். இரண்டாம் முறை சோறு வாங்காதவர் எவருமில்லை.

ஒக்டோபர் 24, செவ்வாய் – பின்குறிப்பு

ஒலுமடு வயல்வெளிக்காரர்கள் தினமும் மாலை ஆறு மணிக்கு மூன்று எண் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்: மெசினடி, நடு, கடைசித் தூண். சனிக்கிழமை 7,100, 6,500, 5,900. ஞாயிறு 7,100, 6,300, 5,800. திங்கள் 7,000, 5,900, 5,100. இன்று ஆறு மணி போய் எட்டாகியும் ஒன்றும் வரவில்லை. எடுத்துக் கேட்டதற்கு டிரக்டர்காரர் சொன்னார்: "இண்டைக்கு விஜயதசமி அண்ணை, சின்னவனுக்கு ஏடு தொடக்கின நாள். மழையும் கொட்டுது. முப்பத்தேழாம் தூணுக்காரர் புல்லு வெட்டேல்லை, அதுதான் இறங்குது. நாளைக்கு விடியப் போய் அவற்றை வாசலில நிக்கிறன்."